கன்றுக்கு வயிறு எத்தனை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கன்றுகளைப் பற்றியவை. எனக்கு ஆச்சரியம்தான். கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டால் பாதி ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறவர்கள், கன்று நான்கு நாளாகக் கழிந்துகொண்டிருந்தால், "தானாகச் சரியாகிவிடும் டாக்டரம்மா" என்பார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் முப்பத்து நான்கு வருடம் இந்த வாக்கியத்தைக் கேட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போதாவது கன்றின் வயிற்றைப் பற்றிக் கேட்கிறீர்களே. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கடிதங்கள் என்பதால் இந்த இதழ் முழுக்கக் கன்றுக்கே.

*

கேள்வி: எங்கள் ஜெர்சிக் கலப்பினக் கன்றுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பால் குறைத்ததே இல்லை. முன்னால் எப்போதும் வைக்கோல் கிடக்கிறது. ஆனால் வயிறு பானை மாதிரி தொங்குகிறது, முதுகெலும்பு தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கன்று இதைவிடப் பத்து நாள் இளையது. அது நிழலில் படுத்து அசை போடுகிறது. எங்கள் கன்றுக்கு என்ன குறை?
– வாசகி, வெள்ளகோவில்

பதில்: கன்றுக்குக் குறை இல்லை அம்மா. வயிறு இன்னும் கட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

மாட்டுக்கு நான்கு வயிறு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பிறந்த கன்றுக்கும் நான்கு அறைகள் உண்டு. வேலை செய்வது ஒன்றுதான், கடைசி அறை. மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு அறுபது பங்கு அதுதான். முதல் அறையான பெருவயிறு ஓர் ஓரத்தில் சுருங்கிய பை போலக் கிடக்கும். வளர்ந்த மாட்டில் கணக்கு தலைகீழ்: பெருவயிறு எண்பது பங்கு, அந்தக் கடைசி அறை ஏழெட்டுப் பங்கு. இடைப்பட்ட சில மாதங்களில் இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்தாக வேண்டும். கன்று வயதாக ஆகத் தானாக நடப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பாலை மட்டும் கொடுத்து வளர்த்தால் மூன்று மாதக் கன்றுக்கும் பெருவயிற்றின் உள்தோல் வழவழவென்றுதான் இருக்கும்.

சமையலுக்கு ஆட்டுப் போட்டி, அதாவது குடலும் இரைப்பையும், கழுவியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அதில் ஒரு பகுதி பூத்துவாலை போலச் சொரசொரவென்று இருக்குமே, அது பெருவயிற்றின் உட்புறம். ஒவ்வோர் இழையும் சத்தை உறிஞ்சும் ஒரு சிறிய விரல். அந்த விரல்களை முளைக்க வைப்பது எது என்று 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தேடினார்கள். வைக்கோல் உரசுவதால் முளைக்கிறதா? சந்தேகத்தைத் தீர்க்கக் கன்றுகளின் பெருவயிற்றுக்குள் பிளாஸ்டிக் பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். பை பெரிதானது, விரல் முளைக்கவில்லை. நுண்ணுயிர்கள் தானியத்தைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலங்களை, முக்கியமாகப் பியூட்டிரிக் அமிலத்தையும் புரோப்பியானிக் அமிலத்தையும், நேராக உள்ளே விட்டபோது முளைத்தது.

உங்கள் கன்றின் கதை இப்போது விளங்குகிறதா? வைக்கோல் அந்தப் பஞ்சு செய்த வேலையைத்தான் செய்திருக்கிறது. பை விரிந்தது, பானை வந்தது. வைக்கோலைச் சீக்கிரம் புளிக்க வைத்து அமிலம் தர அந்த வயதில் போதிய நுண்ணுயிர்ப் படை கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்துப் பாருங்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு பிடி அடர்தீவனம் வைத்திருப்பார்கள்.

நீங்களும் நாளைக் காலையே தொடங்கலாம். மக்காச்சோளக் குருணை 50 பங்கு, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. மாவாக அரைக்க வேண்டாம், குருணையாக இருக்கட்டும். பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கைக் கிட்டே கொண்டுவராதீர்கள். பால் குடித்து முடித்த கையோடு வாயை நக்கிக்கொண்டு நிற்கும் பாருங்கள், அந்த நேரத்தில் ஒரு சிட்டிகையை நாக்கில் தடவுங்கள். இரண்டு நாள் துப்பும். மூன்றாம் நாள் உங்கள் விரலைத் தேடும். தொடர்ந்து மூன்று நாள், தினமும் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தின்னும்போதுதான் பாலை நிறுத்தலாம். நாள்காட்டியைப் பார்த்துப் பாலை நிறுத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். தின்னும் அளவுதான் கணக்கு.

இன்னொன்று: பானை வயிற்றுக்குக் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும். எருமைக் கன்றுகளுக்கு இது அதிகம். பிறந்த இரண்டு வாரத்துக்குள் முதல் மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் சாணத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள்.

*

கேள்வி: நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை மடியில் விடக் கூடாது என்கிறார் என் மாமியார். சீம்பாலைக் கறந்து கடும்பு செய்து தெருவுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார். இது சரியா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கடும்பு எனக்கும் பிடிக்கும். கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்த கடும்பை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. மூன்றாம் நாள் கறப்பில் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் சீம்பால் கன்றுக்குரியது.

மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அந்தப் புரதங்களை விடுவதில்லை. கன்று அரணே இல்லாமல் பிறக்கிறது, சீம்பால்தான் அரண். அந்தப் புரதத்தை அப்படியே இரத்தத்துக்குள் விடும் கதவு பிறந்த நேரத்தில் அகலத் திறந்திருக்கும், மணிக்கு மணி ஒடுங்கும், ஒரு நாளில் அடைத்துவிடும். நஞ்சு விழப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிப்போட்டால் பாதிக் கதவு மூடியிருக்கும். அதற்குள் சாணத்திலும் தரையிலும் இருக்கும் கிருமிகள் குடலில் குடியேறியிருக்கும். வயிற்றுக்குள் முதலில் போவது சீம்பாலா சாணமா என்பது ஒரு பந்தயம். உங்கள் மாமியார் சாணத்தை முந்த விடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், கன்று முட்டி ஊட்டும்போது தாய்க்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது கருப்பையையும் சுருங்க வைக்கும், நஞ்சு விழவும் துணை செய்யும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், இருபது கிலோக் கன்று என்றால் இரண்டு லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். விழுந்த நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதற்கு என் பக்கத்திலிருந்து எந்த ஆட்சேபமும் இல்லை. நாய் இழுத்துப் போகாமல் இருக்கும்.

*

கேள்வி: கன்றின் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருப்பதாகப் பாடத்தில் படித்தேன். அவை எங்கிருந்து, எப்போது வருகின்றன?
– பிளஸ் டூ மாணவர், திருவண்ணாமலை

பதில்: நல்ல கேள்வி தம்பி. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு, "மருந்தியல் தேர்வுக்குப் படி" என்று திட்டு வாங்கினேன். ஆகவே நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பிறக்கும் தருணத்தில் ஏறக்குறைய வெற்று வயிறு. வெளியே வரும் வழியிலேயே தாயின் பிறப்புறுப்பிலிருந்து முதல் தொகுதி ஒட்டிக்கொள்ளும். தாய் நக்கும்போது எச்சிலோடு இன்னொரு தொகுதி. மடியின் தோல், தரை, வைக்கோல் துரும்பு, நம் கை என்று எல்லாவற்றிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் தங்கிவிட முடியாது. முதல் நாள் வயிற்றில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. ஆகவே ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ.கோலை, ஸ்டிரெப்டோகாக்கஸ் போன்றவை முதலில் பெருகும். அவை இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். பிறகு அந்த இடம் மற்றவர்களுக்குத் தோதாகிவிடும். காடு வெட்டியவர் ஒருவர், வெள்ளாமை வைத்தவர் இன்னொருவர் என்பது போல.

இந்த இரண்டாம் கூட்டம் வைக்கோல் தின்னத் தொடங்கிய பிறகுதான் வரும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். இஸ்ரேலில், பிறந்த கன்று முதல் இரண்டு வயது மாடு வரை பெருவயிற்று நீரை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஒரு நாள் கன்றிலேயே நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் சில வந்து உட்கார்ந்திருந்தன, தின்ன ஒரு துரும்பு நார்கூட இல்லாத வயிற்றில்! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சின்னக் கன்றுகளின் வயிறுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டிருந்தன. வயது ஏற ஏற எல்லாம் ஒன்றுபோல ஆகின. குழந்தையில் ஆளுக்கொரு விதமாக இருந்தவர்கள் நாற்பது வயதில் ஒரே மாதிரி பேசுவதில்லையா?

பாக்டீரியாவோடு முடியவில்லை. பெருவயிற்று நீரில் நீந்தும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்களை 1843இலேயே குரூபி, டெலாஃபோன் என்ற இருவர் பாரிஸில் பார்த்து எழுதினார்கள். இவற்றைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பார்த்தால் அந்தச் சந்தடியை மறக்க மாட்டாய். இவை காற்றில் பறந்து வருவதில்லை. பெரிய மாட்டின் எச்சில், அசைக் கவளம், அது வாய் வைத்த தீவனம் வழியாகத்தான் வர வேண்டும். கன்றைப் பிறந்ததும் பிரித்துத் தனியே வளர்த்தால் மாதக்கணக்கில் இவை இல்லாமலே இருக்கும். இவற்றைப் போலவே நீந்தும் இன்னொரு வகையைப் பல பத்தாண்டுகள் இந்தக் கூட்டத்தோடே சேர்த்து எண்ணிவந்தார்கள். அவை உண்மையில் பூஞ்சையின் விதைகள் என்று 1975இல் இங்கிலாந்தில் ஆர்ப்பின் காட்டினார். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பூஞ்சை இருக்க முடியாது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

நாரைச் செரிக்கும் பாக்டீரியாவைக் குழாயில் பிடித்து வளர்க்க வழி கண்டவர் ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர். அவர் மாட்டிடம் வந்த பாதை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் அவர் ஆராய்ந்தது கரையானை. கரையான் மரத்தைத் தின்று எப்படிச் செரிக்கிறது என்று பார்த்தவர், அதே வித்தையைச் செய்யும் பெரிய கரையானாக மாட்டைப் பார்த்தார். ஆக்சிஜன் புகாத கண்ணாடிக் குழாயில் பாக்டீரியாவை வளர்க்கும் அவருடைய முறை 1940களில் பிறந்தது.

எண்ணிக்கை கேட்டிருக்கிறாய். வளர்ந்த மாட்டின் பெருவயிற்று நீர் ஒரு மில்லிலிட்டரில் பாக்டீரியா ஏறக்குறைய ஆயிரம் கோடி. ஒற்றைச் செல் உயிர்கள் சில லட்சம். இப்படி நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி அது. பெருக்கிப் பார்த்துக்கொள்.

*

கேள்வி: நாற்பது மாடு வைத்துப் பண்ணை நடத்துகிறேன். கன்றுகளை முதல் நாளே பிரித்துத் தனிக் கொட்டகையில் வளர்க்கிறோம். அசைபோட உதவும் உயிர்கள் கிடைக்காமல் போய்விடுமா?
– பண்ணையாளர், பொள்ளாச்சி

பதில்: பாக்டீரியாக்கள் எப்படியும் வந்து சேரும், உங்கள் ஆட்களின் காலணியிலேயே வரும். ஒற்றைச் செல் உயிர்கள் தாமதமாகும். அவை இல்லாமலும் கன்று வளரும், அசை போடும்.

அமெரிக்காவின் ஓஹையோவில் 1940களின் பிற்பகுதியில் பவுண்டன், ஹிப்ஸ் என்ற இருவர் பெரிய மாட்டின் வாயிலிருந்து அசைக் கவளத்தை எடுத்துக் கன்றின் வாயில் திணித்துப் பார்த்தார்கள். நுண்ணுயிர்கள் சீக்கிரம் குடியேறின. வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு, கன்றில் அல்ல, பெரிய மாட்டில். பத்து நாள் இரை எடுக்காமல் பெருவயிறு அசைவற்றுப்போன ஒரு பசுவுக்கு, இறைச்சிக்கூடத்தில் அப்போதுதான் அறுத்த மாட்டின் பெருவயிற்று நீரை நான்கைந்து லிட்டர் பிழிந்து, சூடு ஆறுவதற்குள் மொபெட்டில் கொண்டுபோய்க் குழாய் வழியாக விட்டேன். மூன்றாம் நாள் அசை போட்டது. என் சேலையின் வாடைதான் ஒரு வாரம் போகவில்லை. படை அழிந்துபோன வயிற்றுக்கு அது மருந்து. நன்றாக இருக்கும் கன்றுக்கு அவசியமில்லை.

பிரித்து வளர்ப்பதற்குக் காரணமும் உண்டு. குடலைத் தாக்கி நாள்பட்டுக் கழிய வைக்கும் ஜோன்ஸ் நோய் போன்றவை பெரிய மாட்டின் சாணத்திலிருந்து கன்றுக்குத்தான் முதலில் தொற்றும். ஆகவே பால் மறக்கும் வரை தனியாகவே இருக்கட்டும். மறந்த பிறகு, பரிசோதனையில் தேறிய ஒரு கிழப்பசுவைப் பக்கத்துக் கட்டுத்தறியில் கட்டுங்கள். தீவனத் தொட்டியில் இரண்டும் மூஞ்சி வைத்தால் போதும்.

*

கேள்வி: என் கன்று மண்ணையும் சாணத்தையும் தின்கிறது. வாய்ப்பூட்டு போடலாமா?
– வாசகர், செய்யாறு

பதில்: நாளெல்லாம் பூட்டாதீர்கள். எப்போதாவது சாணத்தை நக்குவது கன்றின் இயல்பு. மண்ணைக் கவளம் கவளமாகத் தின்றால் தாது உப்புக் குறைவு, குடற்புழு, அல்லது பசி. பெரும்பாலும் பசி. பால் குடித்த பிறகு ஒன்றையொன்று நக்கி முடியை விழுங்கும் கன்றுகளுக்குப் பால் கொடுத்ததும் அரை மணி நேரம் மட்டும் பூட்டலாம். வயிற்றில் முடி உருண்டை சேராமல் இருக்கும். பூட்டை அவிழ்க்க மறந்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். அப்படி ஒரு கன்றை நான் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: பத்து நாள் கன்றுக்கு வெள்ளைக் கழிச்சல். பாலை நிறுத்திவிட்டு, வெல்லம் கலந்த அரிசிக் கஞ்சி ஊற்றினோம். மருந்துக் கடையில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரமாகியும் நிற்கவில்லை.
– வாசகி, மணப்பாறை

பதில்: கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மூன்றும் தவறு.

கன்றின் குடலில் பால் சர்க்கரையை உடைக்கும் நொதி நிறைய இருக்கிறது. கரும்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி அறவே கிடையாது. வெல்லம் அப்படியே குடலில் தங்கித் தண்ணீரை இழுக்கும், கெட்ட கிருமிக்கு விருந்தாகும். அரிசி மாவைச் செரிக்கும் நொதியும் முதல் சில வாரங்களில் மிகக் குறைவு. கழிச்சலை நிறுத்த நீங்கள் கொடுத்ததே கழிச்சலை வளர்த்திருக்கிறது. பாலை நிறுத்தியதால் கன்றுக்குத் தெம்பு போயிற்று.

இளங்கன்றுக் கழிச்சலில் ரோட்டா, கொரோனா வைரஸ்களால் வருவதும் நிறைய; அவற்றை எந்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒன்றும் செய்யாது. அது செய்வதெல்லாம் இப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும் நல்ல கூட்டத்தை விரட்டுவது. இதை உபதேசமாகச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பண்ணையில் கழிந்த கன்று, கழியாத கன்று எல்லாவற்றுக்கும் முன்னெச்சரிக்கையாக வாய்வழி மாத்திரை எழுதிக் கொடுத்தவள் நான். ஐந்து நாள் கொடுத்தார்கள். நன்றாக இருந்த கன்றுகளும் இளக்கமாகச் சாணம் போட ஆரம்பித்தன, தீவனத்தில் வாய் வைக்க நாளாயிற்று. பண்ணைக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை, அந்த மரியாதைதான் இன்னும் உறுத்துகிறது. காய்ச்சல், சாணத்தில் இரத்தம், தொப்புள் வீக்கம் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர், கடைக்காரர் இல்லை.

கழிச்சலில் கன்றைக் கொல்வது கிருமியைவிட நீரிழப்புதான். மனிதருக்கு விற்கும் உப்பு, குளுக்கோஸ் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து, இரண்டு பால் வேளைகளுக்கு நடுவே கொடுங்கள். பாலில் கலக்க வேண்டாம். பால் உறைவது கெடும். பால் வழக்கம்போல, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே படியாமல் நின்றால், கண் குழிவிழுந்தால், வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருந்தால் வீட்டு வைத்தியத்தின் நேரம் முடிந்துவிட்டது. நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும், அன்றைக்கே. மூங்கில் குழாயால் தலையைத் தூக்கி ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்ச் செத்த கன்றுகள் கழிச்சலில் செத்தவற்றுக்குச் சமமாக என் நினைவில் இருக்கின்றன.

*

கேள்வி: மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்கிறார்கள். கன்றுக்குக் கொடுத்துவிடலாம்தானே? காய்ச்சித்தான் கொடுப்பேன்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தினமும் சிறு அளவு மருந்து குடிக்கும் கன்றின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும். நாளை அந்தக் கன்றுக்கே அந்த மருந்து தேவைப்படும்.

*

கேள்வி: தயிர் ஊற்றினால் நல்ல பாக்டீரியா கிடைக்குமா? கடையில் புரோபயாடிக் பொடியும் விற்கிறார்கள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: தயிரில் இருப்பவை வைக்கோலைச் செரிக்கத் தெரியாதவை. கழிச்சலுக்குப் பின் ஒரு கரண்டி தயிர் கெடுதல் செய்யாது. ஆனால் அதை ஊற்றி அசைபோட வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பொடி வாங்கும் காசுக்கு மக்காச்சோளம் வாங்கினால் எனக்குத் திருப்தி.

*

கேள்வி: மாட்டுப் பொங்கலுக்கு மூன்று மாதக் கன்றுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினோம். இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை, பிறகுதான் எழுந்தது. திருஷ்டியா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: திருஷ்டி இல்லை, சோறு. பண்டிகை முடிந்த மறுநாள் காலை எங்கள் மருந்தக வாசலில் வரிசை நிற்கும். மாலை போட்டு, கொம்புக்கு வண்ணம் பூசி, வயிறு உப்பிய மாடுகள். வெந்த அரிசி பெருவயிற்றில் விழுந்ததும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கூட்டம் ஒன்று வெறிகொண்டு பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நார் செரிப்பவை அந்தப் புளிப்பில் மடியும். வயிறு அசையாது, அமிலம் இரத்தத்தில் ஏறும், மாடு சாயும். மூன்று மாதக் கன்றின் படை இன்னும் சின்னது, அதனால் சீக்கிரம் சாய்கிறது. உங்கள் கன்று எழுந்துவிட்டது என்று எழுதியிருப்பதால் நிம்மதி. அடுத்த வருடம் ஒரு விரல் அளவு பொங்கலை நெற்றியில் காட்டிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். கன்றுக்கு ஒரு கட்டு அகத்தி.

*

கேள்வி: வேலியோரம் சூபாபுல் மரம் நிறைய இருக்கிறது. கன்றுக்கு வெட்டிப் போட்டேன், வால் முடி கொட்டுகிறது. எங்கோ ஒரு நாட்டில் ஆடுகள் இதையே தின்று வாழ்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், அரவக்குறிச்சி

பதில்: உண்மை. ஹவாய்த் தீவு. சூபாபுல் தழையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. வயிற்றில் அது மாறி இன்னொரு நச்சாகித் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தை நம்பிய பண்ணைகளில் மாடுகள் முடி உதிர்ந்து, கழுத்து வீங்கி, இளைத்துப்போயின. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹவாய்க்குப் போனபோது அங்குள்ள ஆடுகள் இதைத் தின்றுவிட்டுச் சுகமாகத் திரிவதைக் கண்டார். ஆட்டில் சிறப்பு ஒன்றும் இல்லை, அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது என்று அவர் ஊகித்தார். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் பெருவயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள கால்நடைகளுக்குப் புகட்டினார்கள். நச்சு முறிந்தது. ஓரிரு மாடுகளுக்குக் கொடுத்தாலே மேய்ச்சலில் மந்தை முழுவதற்கும் பரவிவிட்டது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள்.

வயிற்று நுண்ணுயிர் மந்தைச் சொத்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. உங்கள் கன்றுக்கு அந்தச் சொத்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆறு மாதம் வரை சூபாபுல் வேண்டாம். பிறகும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். முடி திரும்ப முளைக்கும்.

*

கேள்வி: பிறந்த முதல் வாரத்திலிருந்தே கன்றுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பாலிலேயே தண்ணீர் இருக்கிறதே? தண்ணீர் குடித்தால் கழியும் என்கிறார் என் அப்பா.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கன்று ஊட்டும்போது தொண்டையிலிருந்து வரும் உணவுக்குழாயின் முடிவில் இரு மடிப்புகள் சேர்ந்து ஒரு குழாய்போல ஆகிவிடும். பால் அதன் வழியாகப் பெருவயிற்றைத் தொடாமல் கடைசி அறைக்குப் போய் அங்கே உறையும். வாளியில் குடிக்கும் சாதாரணத் தண்ணீருக்கு அந்த மடிப்பு மூடாது; அது நேராகப் பெருவயிற்றில் விழும். நுண்ணுயிர்கள் நீரில் வாழ்கிறவை. நான்கு லிட்டர் பால் குடித்த கன்றின் பெருவயிறு காய்ந்து கிடக்கலாம். அதில் தானியம் விழுந்தாலும் புளிக்காது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீர் வைக்காத கன்றுகள் 31 சதவீதம் குறைவாகத் தீவனம் தின்றன, எடை ஏறுவது 38 சதவீதம் குறைந்தது.

பால் குடித்த உடனே வைக்க வேண்டாம், கால் மணி நேரம் போகட்டும். கழிவது தண்ணீரால் இல்லை, அழுக்குத் தண்ணீரால். வாளியைத் தரையில் வைத்தால் கன்று அதில்தான் சாணம் போடும். மார்பு உயரத்துக்குக் கம்பியில் மாட்டுங்கள், தினம் இரண்டு தடவை கொட்டிக் கழுவுங்கள். தீவனத் தட்டை அதன் பக்கத்திலேயே வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஈர மூஞ்சியோடு வந்து தட்டைக் கூழாக்கிவிடும்.